தாய்மார் குழுவும் தினமொரு ரோஜாவும்

பிள்ளை எப்படியும் ஒருநாள் வளர்ந்து தன் காலில் நின்றுவிடும். வாட்ஸ்அப் குழு அப்படியில்லை, எத்தனை வருஷமானாலும் தவழ்ந்துகொண்டேதான் இருக்கும். இதைப் படிக்கிற யாராவது அட்மினாக இருந்து நொந்தவர்களாக இருந்தால், வாங்க, பக்கத்தில் வந்து உட்காருங்க. நாம் ஒருவருக்கொருவர் சொல்லி அழுதால்தான் உண்டு.

தருமபுரத்தில் எங்கள் எதிர்வீடு ஜெசிமா அக்காவுடையது. தலைப்பிள்ளை பெற்றபோது யோசனை கேட்க ஆளில்லாமல் தவித்துப்போய், தாய்மாருக்கென்று அவர் தொடங்கியதுதான் இந்தக் குழு. எங்கள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்த முதல் குழுவே இதுதான். பச்சைப்பிள்ளை அழுகிறது, என்ன செய்யட்டும் என்று ஒருத்தி கேட்டால், தெரிந்த இன்னொருத்தி உடனே பதில் சொல்லவேண்டும். அதற்கு மட்டும்தான் குழு. அவர் துபாயில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போகும்போது, என்னையும் தையல் தைக்கும் பரிமளா அக்காவையும் அட்மின் ஆக்கிவிட்டுப் போனார். நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதைச் சொன்னதற்கு அவர், "நீ எங்கடி பேசப்போற, வெரலுதானே பேசப்போவுது? கேட்டவளுக்குப் பதில் வராம போயிடாம மட்டும் பாத்துக்க" என்றார்.

வெற்றிலை பாக்கு

முதல் வேலையாக, புதிதாகப் பிள்ளை பெற்றவர்களைச் சேர்க்கலாம் என்று விழிதியூர் செல்விக்கு லிங்க் அனுப்பினேன். அவள் புருஷன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வீட்டில் அவளும் மாமியார் ருக்மணியம்மாவும்தான். லிங்க் அப்படியே கிடந்தது. விசாரித்தால், "கூப்புடுறவங்க வாசப்படி ஏறி வந்து கூப்புட மாட்டாங்களாமா?" என்று ருக்மணியம்மா கோபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. முகம் காட்ட வேண்டாத வேலை என்று நம்பி வந்தவள் நான். பரிமளா அக்கா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கையில் குங்குமச்சிமிழ், தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் பத்திரிகை வைத்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பாய் விரித்து, காப்பி கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் ருக்மணியம்மா தன் போனை எடுத்து நீட்டினார். "அவளுக்கு ஏதும்மா போனு? இதுல சேத்துவுடுங்க. வந்ததுல முக்கியமானத நான் படிச்சுச் சொல்லிக்கிறேன்."

ரோஜா

மறுநாள் காலை முதல் அந்தப் போனிலிருந்து செல்வி வரவில்லை. ரோஜா வந்தது. பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா, அதன்மேல் இனிய காலை வணக்கம். உடனே போலகத்திலிருந்து ஒரு தாமரை, நிரவியிலிருந்து ஒரு பிள்ளையார், யாரோ ஒருத்தியிடமிருந்து ஆவி பறக்கும் டீ. இந்தப் பூந்தோட்டத்துக்கு அடியில், "பிள்ளைக்கு ரெண்டு நாளா வெளிக்குப் போகல, என்ன பண்றது?" என்று ஒரு தாய் கேட்டது புதைந்துபோனது. சாயங்காலம் நான் தோண்டி எடுத்துப் பதில் போட்டபோது, "போயிடுச்சு" என்று ஒரே வார்த்தை எழுதினாள். அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவேயில்லை.

குழுவில் சொன்னால் கூட்டத்தில் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ருக்மணியம்மாவுக்குத் தனியாக எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் 'அம்மா, தயவுசெய்து ரோஜாப்பூ போடாதீங்க' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஒனக்கு ரோசா புடிக்காதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா, நாளையிலேர்ந்து மல்லியப்பூ போடுறேன்."

பால்சுறா

படகுக்காரர் வீட்டுக் கலா நல்லவள். ஆனால் படகு கரைக்கு வந்ததும் மீனைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவாள். வஞ்சிரம், கொடுவா, நண்டு என்று ஒரு கடலே என் போனில் துள்ளும். இங்கே வியாபாரம் கூடாதென்று பரிமளா அக்கா எழுதினால், அதற்குக் கீழேயே "கொடுவா எவ்ளோ?" என்று இரண்டு பேர் விலை கேட்பார்கள். அக்காவுக்கு ரத்தம் கொதித்துவிடும்.

ஒருநாள் பெரிய பால்சுறாப் படம் வந்தது. இதுதான் கடைசி எச்சரிக்கை என்று அக்கா எழுதினார். கலா எழுதவில்லை, குரலிலேயே அனுப்பினாள். பின்னால் ஏலச்சத்தமும் காக்காய்ச் சத்தமும் கேட்டன. "ஏங்க்கா, பெத்தவளுக்குப் பால் ஊறணும்னா சுறாப்புட்டு திங்கணுமா வேணாமா? நானென்ன யாவாரமா பண்றேன், வைத்தியம்ல பண்றேன்!"

பந்தி

அக்கா கலாவை நீக்கிவிட்டார். நீக்குவது என்றால் ஒரு பொத்தானை அழுத்துவது என்று நாம் நினைக்கிறோம். நம் ஊரில் அதற்குப் பெயர் உறவை முறிப்பது. கலாவோடு அவள் நாத்தனார், ஓரகத்தி, சித்தி மகள் என்று வரிசையாக வெளியேறினார்கள். அக்காவாவது வீட்டுக்குள் மிஷினில் உட்கார்ந்திருப்பார். மார்க்கெட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டது நான்.

இடுப்பில் பிள்ளை, கையில் முருங்கைக்கீரை. முன்னால் கலா. நான் பெயரே தெரியாத கீரையைப் பார்ப்பது மாதிரி கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பந்தியில உக்காந்தவ எலையை உருவிட்டீங்க. வர்ற மாசம் எம் புள்ளைக்குக் காதுகுத்து, நீங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவீங்கன்னு பாக்குறேன்."

பூட்டு

இதை நான் வந்து சொன்னதும் அக்கா குழுவையே பூட்டிவிட்டார். இனி அட்மின் இரண்டு பேர் மட்டும்தான் எழுத முடியும். மற்றவர்கள் பார்க்கலாம், வாய் திறக்க முடியாது. "கொஞ்ச நாள் கெடக்கட்டும், புத்தி வரும்" என்றார். பூ இல்லை, மீன் இல்லை, பிள்ளையார் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

துபாயிலிருந்து ஜெசிமா அக்கா கூப்பிட்டார். "ஏன்டி குழுவுல சத்தத்தையே காணோம், யாரும் மவுத்தா?" என்றார், யாரோ இறந்துவிட்டார்கள் என்று பதறிப்போய். பூட்டிய கதையைச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்: "நீயும் புள்ள பெத்தவதானே? புள்ள இருக்குற வூட்டுல சத்தம் நின்னுச்சுன்னா, அப்பாடான்னு படுப்பியா, என்னமோ ஏதோன்னு எழுந்திருச்சு ஓடுவியா?"

எழுதுற இடம்

பூட்டைத் திறக்கலாமா என்று பரிமளா அக்காவிடம் கேட்க நான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தபோதே, உச்சி வெயிலில் வாசலில் செல்வி நின்றாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். தோளில் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் தடுப்பூசி போட்ட தொடை கல் மாதிரி வீங்கியிருந்தது. உடம்பும் சூடு. "நேத்திலேருந்து கேக்கத்தான்க்கா பாக்குறேன். எழுதுற எடத்தையே காணோம். நான்தான் போனக் கெடுத்துட்டேன்னு அத்தை திட்டுது" என்றாள்.

அக்காவைக் கேட்கவில்லை, பூட்டைத் திறந்துவிட்டேன். அவள் சொல்லச் சொல்ல அவள் பெயரிலேயே எழுதிப் போட்டேன். பதில்கள் வந்து விழுந்தன. என் பையனுக்கும் இப்படித்தான் இருந்தது, பயப்படாதே. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே. மருந்து நீயாகக் கொடுக்காதே, முதலில் நர்ஸிடம் காட்டு. நான் வீட்டில்தான் இருக்கிறேன், ஸ்கூட்டி கொண்டுவரட்டுமா? எத்தனையோ மாதமாக வாயே திறக்காதவர்கள் எல்லாம் எழுதினார்கள். வெளிக்குப் போகாத பிள்ளையின் தாயும் எழுதினாள்.

ஸ்கூட்டி வந்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசிக்கு வருகிற வீக்கம்தான், சூடும் இன்றைக்கு இறங்கிவிடும், இறங்காவிட்டால் நாளை கொண்டுவா என்றார். பிள்ளை பால் குடித்துத் தூங்கியது. பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வி என் போனை வாங்கி, இன்னும் வந்துகொண்டிருந்த பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இவ்ளோ பேரு இருக்காங்களாக்கா இதுல? பூ போடுறது எங்க அத்தை, போடாதீங்கன்னு சொல்றது நீங்க, நீங்க ரெண்டு பேருந்தான் இருக்கீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்!"

இப்போது பூட்டு இல்லை, கலாவையும் தட்டோடு போய் அழைத்து வந்தாயிற்று, ரோஜாவும் மல்லியும் சுறாவும் சேர்ந்து என் போனை மூச்சுமுட்ட வைக்கின்றன, என்றைக்காவது காலையில் அவை வரவில்லையென்றால் என்னமோ ஏதோ என்று நான்தான் முதலில் போன் போட்டுக் கேட்கிறேன்.