ஒரே பாத்திரம்

பட்டாபிராமில் எங்கள் சபையில் இப்போது திருவிருந்துக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம். சுகாதாரமாம். போன ஞாயிறு அந்தத் திராட்சரச வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கத்துக் கோயிலில் எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். போதகர் அதை ஒவ்வொருவர் வாயருகிலும் கொண்டுவருவார். தெருக் கூட்டும் ரோசம்மா கடைசியில்தான் வந்து முழங்காலிடுவாள். அவளுக்கு முன்னால் குடித்துவிட வேண்டும் என்று மற்றவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

ஓர் ஈஸ்டரன்று அம்மா பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பாத்திரத்தில் வாய் வைத்துவிட்டுத் திரும்பி வந்த அப்பா பல்லைக் கடித்தார்.

“இன்னா பண்றே நீ? எல்லாம் பாத்துகினு கீறாங்க.”

“பாக்கட்டும். ரோசம்மா வாய் பட்டா தீட்டாயிடும்னா, அதுல இருக்கிற இயேசுவோட ரத்தம் என் பாவத்தை எப்படிங்க கழுவும்?”

ரோசம்மா குடித்து முடித்ததும் அம்மா போய் அவள் பக்கத்திலேயே முழங்காலிட்டாள். போதகர் பாத்திரத்தைத் துடைக்கத் துணியை எடுத்தார். அம்மா அவர் கையைத் தடுத்துவிட்டு, அந்த ஈர விளிம்பிலேயே வாய் வைத்தாள். பிரசங்கங்கள் எத்தனையோ கேட்டுவிட்டேன். நற்செய்தி என்று நான் கண்ணால் கண்டது அதைத்தான்.

போன ஞாயிறும் கோயிலைக் கூட்டும் லில்லி அக்கா கதவோரமாகவே நின்றிருந்தார். நான் என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“பாதி குடிச்சிட்டு எனக்குக் குடுங்கக்கா.”

“வாணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்” என்றேன்.