நாலாம் தேதி மழை

பெலிசாரியோ உவேஷ் நாள் எண்ணுகிற மனிதர். ஜனவரியின் முதல் பன்னிரண்டு நாளும் வருஷத்தின் பன்னிரண்டு மாதத்துக்குச் சாட்சி. நாலாம் நாள் எப்படியோ ஏப்ரல் அப்படி. அந்த நாளில் காலையில் தூறினால் மாதத் தொடக்கத்தில் மழை, மாலையில் தூறினால் மாதக் கடைசியில். எங்கள் பெத்தேன் காட்டில் இதை எண்ணாத வீடு குறைவு. ஆனால் பதினோரு வருஷமாகப் பொய்க்காத வாக்கு அவருடையதுதான். அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று நான் மழுப்பப் போவதில்லை.

காட்டுக்குள் இடிந்து கிடக்கும் எங்கள் பாட்டன்மாரின் நகரத்துக்குப் போக மூன்று நாள் நடக்க வேண்டும். வெளியூர்க்காரர்களை வழிகாட்டி கமிலோ கூட்டிப்போவான். சாமானும் தண்ணீரும் பெலிசாரியோவின் கோவேறு கழுதைகள் மேல். சமையல் அவர் மனைவி நிக்கோலாசா.

இந்த ஏப்ரல் முதல் வாரத்தில் கிளம்பும்போதே அவள் முரண்டு பிடித்தாள். “எட்டு கேன் தண்ணியும் ஏத்துய்யா. வழியில இருக்கிற குளத்தை நம்பாத.”

“நாலு போதும். நாலாம் தேதி மழை பெஞ்சதுன்னு நீதானே சொன்ன?”

ஜனவரி நாலாம் தேதியன்று அவர் மலேரியாக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். வானம் பார்க்கிற வேலை அவளுடையதாயிற்று. இப்போது ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டு ரொட்டி மூட்டையைக் கட்டப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் குளத்துக்கு வந்தார்கள். குளம் எங்கே இருந்தது? வெடித்த சேறும் அதில் பன்றிக் கால்தடமும்தான் இருந்தன. கழுதைகள் சேற்றில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தன. அவர் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முழு கேன் இரண்டுதான் மிச்சம். நாக்கைக் கட்டிக் குடித்தால் ஊர் திரும்பலாம். முன்னால் போனால் நகரத்துக் குளமும் இந்த லட்சணம்தான். மழை வந்தால் மட்டும் பிழைப்பு.

வெளியூர்க்காரர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் எழுபதைத் தாண்டியவர், உதடு வெடித்துப் போய் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

கமிலோ கிட்டே வந்தான். “அண்ணே, இவங்களுக்குத் திரும்ப மனசில்ல. நாளைக்கு மழை வரும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடலாம். உங்க வாக்கு போதும் எனக்கு.”

“கொஞ்சம் இரு தம்பி.”

நிக்கோலாசா அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். பெலிசாரியோ அவள் முன்னால் குத்துக்காலிட்டார்.

“நாலாம் தேதி மழை காலையிலயா, சாயங்காலமா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் சுள்ளியை ஒடித்தாள்.

“உன்னைத்தான்டி கேக்குறேன். ஏழெட்டு உசுரு இதுல இருக்கு.”

“தெரியாதுய்யா.”

“மறந்துட்டியா?”

“பார்க்கவே இல்ல.” சுள்ளியைக் கீழே போட்டாள். “நீ கண்ணு முழிச்சதும் என் பேரைக் கூப்பிடல, மழை பெஞ்சுதான்னு கேட்ட. நீ பேசிட்டியேங்கிற சந்தோஷத்துல பெஞ்சதுன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்ல தைரியம் வரல.”

“வானத்தைப் பார்க்கிறது அவ்வளவு கஷ்டமா உனக்கு?”

“யாருய்யா வானத்தைப் பார்த்தா? விடிஞ்சதுலருந்து உன் மூச்சைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நடுவுல ரெண்டு தடவை நின்னுபோச்சு.”

திட்டுவதற்கென்று வாயைத் திறந்திருந்தார் பெலிசாரியோ. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கமிலோவிடம் போனார்.

“திரும்பிடலாம் தம்பி. பெரியவருக்கு முதல்ல தண்ணி குடு. வெயில் தாழ்ந்ததும் நடப்போம்.”

“என்னண்ணே, பதினோரு வருஷமா தப்பாத கணக்கு.” கமிலோவுக்கு ஏமாற்றத்தில் குரல் ஏறியது. “ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றது?”

அடுப்பங்கரையில் நிக்கோலாசா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பெலிசாரியோ அன்னைக்கு வானத்தைப் பார்க்கலைன்னு சொல்லு” என்றார் அவர். “வேற யாரையும் இதுல இழுக்காத.”