பாலத்தடியில் ஒரு பாதசாரிப் பொத்தான்

சிக்னலைப் போட்ட நாளிலிருந்தே அதற்குப் பைத்தியம். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பாலமேறிக் கண்டிக்குப் போகும் பக்கத்துக்குப் பச்சை எரிகிறது; ஒரு வாகனமும் அசையவில்லை. பாலத்தால் இறங்கிக் கலகெதரப் பக்கம் திரும்பவேண்டிய பஸ்களுக்கு முன்னால் வீதி வெறுமையாகக் கிடக்கிறது, அவற்றுக்குச் சிவப்பு. பதினொரு பஸ். எண்ணினேன்.

யுத்த காலம். பாலத்து வாயிலில் இராணுவச் சோதனைச்சாவடி. அங்கே மறிக்கப்பட்ட வாகன வரிசை, வீதிக்கடியில் நாங்கள் புதைத்த 'லூப்' கம்பிவரை நீண்டுவிட்டது. லூப்பின்மேல் வாகனம் நின்றால் சிக்னலை இயக்கும் கொன்ட்ரோலர் பச்சையை நீட்டும். அது நீட்டிக்கொண்டே இருந்தது.

சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்கில் முதல் வேலை, செய்யும் பொருளைப் பாவிக்கப் போகிறவர்கள் யார் யார் என்று எழுதுவது. ஒன்பது வகை எழுதியிருந்தோம். மாடுகூட இருந்தது. இராணுவம் இல்லை. பாதுகாப்புச் சம்பந்தமான எதையும் வரைபடத்தில் காட்டக்கூடாதென்று கந்தோர்க் கட்டளை. எங்கள் வரைபடத்தில் அது இலங்கையிலேயே சுதந்திரமான பாலம்.

எங்கள் வீதித் திணைக்களப் பணிப்பாளர் வெள்ளிக்கிழமைவரை தவணை தந்தார். சரிவராவிட்டால் கம்பங்களைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி பொலிஸ்காரரை நிறுத்துவாராம். என் நாலு வருட வேலை.

பட்டியலில் விடுபட்டவரிடமே போய்க் கேட்க வேண்டியதுதான். என்னைப்போல யாழ்ப்பாணத்தான் ஒருவன் சோதனைச்சாவடிக்குப் போய், எத்தனை வாகனம் மறிப்பீர்கள், எவ்வளவு நேரம் மறிப்பீர்கள் என்று கேட்பது. டெக்னீஷியன் செல்வம் கண்டி மஹய்யாவைக்காரர், துணைக்கு வந்தார்.

"சார், அங்க போய் எதையும் எண்ணாதீங்க. எண்ணினா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து எண்ணிருவாங்க."

சாவடிச் சார்ஜன்ட் என் அடையாள அட்டையைப் பார்த்தார், பிறந்த இடத்தைப் பார்த்தார், உட்காரக் கதிரையைக் காட்டினார். இருந்தேன். எதிரே பஸ்கள். ஏழாவது பஸ்ஸில் அவர் திரும்பி, உதடு ஏன் அசைகிறது என்று சிங்களத்தில் கேட்டார். பஸ் எண்ணுகிறேன் என்றேன். செல்வம் கண்ணை மூடிக்கொண்டார்.

எதற்கு என்று கேட்டார். சந்திச் சிக்னலைப் போட்டது நான்தான் என்றேன்.

"நீதானா அது? மேலிடத்து ஏச்செல்லாம் எனக்கு. நான் மறிக்க மறிக்க நீ அனுப்பிக்கொண்டே இருக்கிறாய்."

சிறைக்குப் போவேன் என்று பயந்து வந்தவனுக்கு வாடிக்கையாளர் முறைப்பாடு கிடைத்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் புதிது போலும், கொஞ்சம் யோசித்தார். ஒரு சுவிட்ச் கேட்டார். மறிக்கும்போது அமுக்கினால் பாலமேறும் பக்கம் சிவப்பாக வேண்டும்.

வியாழன் பின்னேரம் சாவடியை ஒட்டிய கம்பத்தில் சுவிட்சைப் பூட்டினோம். வெள்ளிக்கிழமை பணிப்பாளர் வந்து நின்றபோது கலகெதர பஸ்கள் ஓடின. கம்பங்கள் தப்பின. ஆனால் சுவிட்சை வரைபடத்தில் காட்டவேண்டுமே. 'பாதசாரிப் பொத்தான்' என்று எழுதினேன். மணல்மூட்டைக்குள்ளிருந்து வீதி கடக்கும் பாதசாரி. பணிப்பாளர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார்.

யுத்தம் முடிந்தது, சாவடியைக் கழற்றினார்கள். வரைபடத்தில் பாதசாரிக்குரியதாக இருந்ததால் பொத்தானை ஒருவரும் தொடவில்லை. பிறகும் காரணமில்லாமல் சிவப்பு விழுகிறதென்று முறைப்பாடு. போய்ப் பார்த்தால், பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முதலாளி அமுக்குகிறார். பஸ் நின்றால் வடை விற்றுப்போகும்.

புதிய எஞ்சினியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாவிப்பவர்களை எழுதும்போது, போய்ப் பேசப் பயமாக இருக்கும் ஆளை முதலில் எழுதுங்கள். மற்றவர்கள் தாங்களாகவே வந்து சேருவார்கள். எங்களுக்குப் பத்தாவது சார்ஜன்ட், பதினோராவது வடைக்காரர்.