பஷீர் கேங்குடன் சிதம்பரம் வரை

காலை ஆறேகால். கடலூர் முதுநகரில் என் தங்கை வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போதுகூட இந்தப் பயணத்துக்கு எனக்கு மனசில்லை. திண்டுக்கல்லிலிருந்து இரண்டு நாள் தங்கிப் போக வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் மத்தியானம் மீன் குழம்பும்தான் என் திட்டம். அதைக் கெடுத்தது தங்கை வீட்டுக்காரர் பஷீரின் கணுக்கால். முந்தின நாள் மாடிப்படியில் சறுக்கிப் பூசணிக்காய் கணக்காக வீங்கியிருந்தது.

"பசங்களுக்கு இன்னிக்கு சிதம்பரத்துல ஃபுட்பால் மேட்ச் மச்சான். நான் வரேன்னு சொல்லிட்டேன். இப்ப கால ஊனவே முடியல. நீங்க போயிட்டு வாங்களேன்."

"பந்தாட்டத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். நம்மாளு ஒருத்தர் கூட இருந்தாப் போதும்."

பஷீர் செம்மங்குப்பம் பக்கமுள்ள ரசாயனத் தொழிற்பேட்டையில் குழாய் வேலை மேஸ்திரி. அவரிடம் வேலை செய்கிறவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள், எல்லோருக்கும் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர்கள் பந்து பழகிக்கொண்டிருந்ததை யாரோ போட்டோ எடுத்து, 'வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கு, புள்ள புடிக்கிறவங்க, உஷார்' என்று குரல் பதிவும் சேர்த்து வாட்ஸாப்பில் விட்டுவிட்டார்கள். பஷீர் காவல் நிலையத்துக்குப் போய் விளக்கினார்; அவர்களும் புரிந்துகொண்டார்கள். ஆனால் ஆயிரம் போனில் பேசும் குரலுக்கு யார் போய் விளக்குவது? ஒன்பது பேரில் இரண்டு பேர் பயந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். இன்றைக்கு அணிக்கு ஏழு பேராக ஆடும் போட்டி, மிச்சமிருப்பதும் சரியாக ஏழு பேர்.

"சுனிலும் போறேன்றான். இன்னிக்கும் எதாச்சும் வம்பு ஆச்சுன்னா டிக்கெட் போட்டுடுவேன்னு சொல்லிட்டான். மூணு வருசமா என்கூட இருக்கான் மச்சான்" என்றார் பஷீர். ஷேர் ஆட்டோ ஏறினேன். இருபது ரூபாய்.

ஏழு மணிக்கு செம்மங்குப்பம் நிறுத்தம். காற்றில் அழுகின முட்டை வாசனை லேசாக இருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. ஒல்லியான ஒருவன் முன்னால் வந்து, "வாங்க பாய், நான் சுனில்" என்றான்.

எனக்குத் திக்கென்றது. என் பெயர் ராஜா முகமது. வெளியூரில், ரயிலில், வாடகை வீடு கேட்கும் இடத்தில் வெறும் ராஜா. அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. தாடியில்லை, தொப்பியில்லை, எப்படிக் கண்டுபிடித்தான்?

"நான் பாய்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க ஊர்ல எல்லாரும் பாய்தான். அண்ணன்னு அர்த்தம். டீக்கடக்காரரும் பாய், போலீஸும் பாய்" என்று சிரித்தான். கடலூர்க்காரன் தோற்றான், அப்படி ஒரு தமிழ்.

அப்புறம்தான் அவர்கள் பனியனைப் பார்த்தேன். மஞ்சள் பனியன், முதுகில் நம்பர், அதற்குமேல் தமிழில் கொட்டை எழுத்தில்: பஷீர் கேங்.

"இதை எவன்டா போடச் சொன்னது?"

"நான்தான்" என்றான் சுனில். "ஹிந்தியில கேங்னா கெட்ட வார்த்த பாய். தமிழ்ல வேறன்னு நெனச்சிட்டேன். தினம் காலைல கேட்ல செக்யூரிட்டி கேப்பாரு, 'பஷீர் கேங் வந்தாச்சா?'ன்னு. வந்தாச்சுன்னா உள்ள விடுவாரு. அதான் நம்ம பேருன்னு போட்டுட்டோம்."

தொழிற்சாலையில் ஒரு மேஸ்திரியின் ஆட்களைக் கேங் என்றுதான் சொல்வார்கள். ஷார்ஜாவில் பதினாலு வருஷம் கிடந்த எனக்கு அது தெரியும். ரோட்டில் போகிறவனுக்குத் தெரியுமா? வாட்ஸாப் போட்டோவிலும் இந்த எழுத்துதான் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஒரே பனியனில் அவர்களுக்கு ஒரு வம்பு, பஷீர் என்ற பேரால் எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு ஒரு வம்பு.

"திருப்பிப் போட்டுக்குங்கப்பா" என்றேன். மறுபேச்சு இல்லாமல் ஆறு பேர் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், தையல் எல்லாம் வெளியே தெரிய. கடைசியாக சுனில், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினான்.

ஏழு இருபத்தைந்துக்குச் சிதம்பரம் பஸ். உட்கார இடம் தாராளமாக இருந்தும் ஏழு பேரும் ஏழு இடத்துக்குப் பிரிந்தார்கள். முன்னால் ஒருத்தன், டிரைவருக்குப் பின்னால் ஒருத்தன், படிக்கட்டுப் பக்கம் ஒருத்தன். அவனவன் தனித்தனியாக "சிதம்பரம் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினான். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே கும்பல் என்று யாரோ அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நானும் எனக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டேன், முப்பது ரூபாய்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கடல் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. புதுச்சத்திரத்தில் கூடையோடு ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், எனக்கு வேர்க்கடலை கொடுத்தார்.

"எந்த ஊரு சார்? பேரு?"

"திண்டுக்கல். ராஜா."

குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பசங்களப் பாத்தீங்களா? வடக்கனுங்க. இப்ப ரொம்ப ஜாஸ்தி ஆயிட்டானுங்க. புள்ளய வெளிய விடவே பயமாக்கீது."

இரண்டு சீட் முன்னால் சுனில் இருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை. நானும் கடலையை மென்றபடி ஜன்னலைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பி.முட்லூர் போய், வெள்ளாற்றுப் பாலம் போய், கோபுரம் கண்ணில் படும் வரைக்கும் அந்த வெட்கம் போகவில்லை.

எட்டே முக்காலுக்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சிதம்பரம் போகிறவர்கள் கொத்சு சாப்பிடாமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. முதல் வாயை வைத்த கோல்கீப்பர் ரோஷன், "சோக்கா!" என்று கத்திவிட்டான். அவர்கள் ஊரில் கத்தரிக்காயைச் சுட்டு மசிப்பார்களாம், அதற்குப் பேர்தான் சோக்காவாம், அந்தச் சுவை இதில் இருக்கிறதாம். பரிமாறியவருக்கு வாயெல்லாம் பல். "சாப்புடு தம்பி, இன்னும் வேணுமா?" என்று இரண்டாம் முறை ஊற்றினார். ஏழு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததை அன்றைக்கு அங்கேதான் பார்த்தேன்.

பத்து மணி, மைதானம். நூறு நூற்றைம்பது பேர், ஒரு ஷாமியானா, ஒலிபெருக்கி. ரெஃப்ரி எங்கள் ஆட்களைப் பார்த்ததும், "நம்பர் எங்கப்பா? நம்பர் தெரியாம எறங்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரெஃப்ரியைப் பார்த்தேன். அந்த மனிதர் விசிலைப் பார்த்தார்.

வேறு வழியில்லை. பனியனைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"டேய், வாட்ஸாப்புல வந்தவனுங்கடா!"

இருபது பேர் சூழ்ந்துவிட்டார்கள். போனை எடுத்துப் போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டார்கள். "யார்ரா பஷீர்?" என்று ஒருவன் ரோஷனின் பனியனைப் பிடித்தான். கூட இருந்தாப் போதும் என்று அனுப்பப்பட்ட ஆள் நான். கூடத்தான் இருந்தேன், அவ்வளவுதான்.

சுனில் நேராக ஷாமியானாவுக்குப் போய் மைக்கை வாங்கினான்.

"வணக்கம். வாட்ஸாப்புல வந்த பஷீர் கேங் நாங்கதான். கேங்னா கம்பெனில வேல செய்ற செட்டு. கேட்ல அப்பிடித்தான் கூப்புடுவாங்க. நான் தெரியாம பனியன்ல போட்டுட்டேன், தப்பு என்னுதுதான். பஷீர் எங்க மேஸ்திரி. படில வுழுந்து கால் வீங்கி வூட்ல படுத்துக்கிறாரு. நாங்க புள்ள புடிக்க வரலைங்க. பந்து புடிக்க வந்தோம். அதுவும் ரோஷன் ஒருத்தன்தான் புடிப்பான், மத்தவங்க கையால தொட்டா ஃபவுல்."

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு பலரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதினால் பொய். ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போனார். ஆனால் ரோஷனின் பனியனைப் பிடித்திருந்தவன் கையை எடுத்து, கசங்கின இடத்தை நீவிவிட்டான்.

விழாக் குழுவில் ஒருவர் நோட்டோடு வந்தார். "டீம் மேனேஜர் நீங்களா சார்? பேரு?"

"ராஜா..." என்று வாய் வழக்கம்போல ஆரம்பித்தது. சுனில் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ராஜா முகமது" என்றேன். "பஷீரோட மச்சான்." அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷம் இதற்கா பயந்தேன் என்றிருந்தது.

ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ரோஷன் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தபோது மைக்கில், "பஷீர் கேங் கோல்கீப்பர், அருமை!" என்று அறிவித்தார்கள். அதைப் போனில் பதிவு செய்து தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். பஷீர் அழுதுவிட்டாராம், கால் வலி என்று சொல்லிச் சமாளித்தாராம்.

மூன்றரைக்குத் திரும்புகிற பஸ். ஏறுவதற்கு முன் சுனிலிடம் கேட்டேன், "ஊருக்கு டிக்கெட் போடப் போறியா?"

"இப்ப எப்பிடிப் போறது பாய்? அடுத்த வருசம் இவனுங்களத் தோக்கடிக்கணும்ல?" என்றான்.

ஷார்ஜாவில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஊர்க்காரர்கள் கடைசி சீட்டில் சேர்ந்தே உட்காருவோம். அங்கே நாங்கள் எல்லோரும் வெளிநாட்டான் என்பதால் சேர்ந்து உட்கார பயமில்லை. சொந்த நாட்டில் பஸ் ஏறித்தான் இந்தப் பிள்ளைகள் பிரிந்து உட்காரப் பழகியிருக்கிறார்கள், நான் பாதிப் பெயரை விழுங்கப் பழகியதைப் போல. திண்டுக்கல்லுக்கு அடுத்த நாள் திரும்பினாலும் இது மனசைவிட்டுப் போகாது என்று தோன்றியது.

ஏழு பேரும் கடைசி நீள சீட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் பனியனைத் திருப்பவில்லை. இடம் போதவில்லை, சுனில் நெருங்கி உட்கார்ந்து எனக்கும் ஓரத்தில் இடம் கொடுத்தான்.

கண்டக்டர் வந்தார். "எத்தினி பேரு?"

"செம்மங்குப்பம் எட்டு" என்றேன். "பஷீர் கேங்."