பேச்சா, செவியா

"நீ செவியியலுக்குப் போயிடு. மார்க் நல்லா இருக்கு, கருவியெல்லாம் உனக்குக் கைவந்த கலை மாதிரி வருது. அங்க இவ்வளவு பேச வேண்டியதில்லை."

சேலத்தில் நான் வேலை பார்த்த பேச்சுப் பயிற்சி மையத்தின் தலைமை அதிகாரி இதைச் சொன்னது என்மேல் இருந்த அக்கறையில்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் பட்டப்படிப்பில் செவியையும் பேச்சையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதுகலையில்தான் பாதை பிரியும். காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துவது ஒரு துறை. பேச்சையும் மொழியையும் பார்ப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் திக்கும். அதனால்தான் அவர் அப்படிச் சொன்னார்.

"இல்லீங்க மேடம், ப... பேச்சுத்தான்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் ஊர் குமாரபாளையம். வீடும் தறிப்பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே. தறிகள் ஓடும்போது பேச வேண்டுமானால் பக்கத்தில் போய்க் கத்த வேண்டும். அந்த இரைச்சலுக்குள் எனக்கு ஒருநாளும் திக்கியதில்லை. அப்பாவிடம் பள்ளிக்கதை முழுவதையும் ஒரே மூச்சில் கத்திச் சொல்லிவிடுவேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றதும், சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம் தொண்டையில் நின்றுவிடும். எனக்கு வந்திருப்பது கரண்ட் போனால் வருகிற வியாதி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வெளியே எனக்காக அம்மா பேசினாள். மளிகைக் கடையில், பள்ளியில், உறவுக்காரர்கள் பெயர் கேட்கும்போது, நான் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லி முடித்திருப்பாள். மகள் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தது. பேருந்தில் மட்டும் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது. 'க' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் எனக்கு மிகவும் கடினம். சொந்த ஊரின் பெயரே அப்படி அமைந்துவிட்டது. சேலத்திலிருந்து வரும்போது நடத்துனரிடம் "பவானி" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊரில் இறங்கிவிடுவேன். 'ப' சில நாள் வரும், சில நாள் வராது. 'கு' எந்த நாளும் வராது.

இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கவுன்சிலிங் பட்டியலில் 'பேச்சு' என்ற சொல்லைப் பார்த்ததும் விரல் அங்கே நின்றது. இரண்டாம் ஆண்டில் ஒரு வகுப்பில், தன் குரல் தன் காதுக்கே எட்டாத இரைச்சலில் திக்குபவர்கள் பலருக்குப் பேச்சு தடையில்லாமல் வரும் என்று ஆசிரியை விளக்கினார். நான் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். யாரோ எங்கள் பட்டறைக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் புத்தகத்தில் எழுதியதுபோல் இருந்தது. மேலே படித்தால் இதைத்தான் படிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதல்முறை விண்ணப்பித்தபோது எழுத்துத் தேர்வில் எளிதாகத் தேறினேன். அதன்பின் நேர்காணல். வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரி, கதவைச் சாத்தினால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும் குளிரூட்டிய அறை. திக்குவது தெரியாமல் பேசிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் திட்டம். வராத சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைப் போட்டு, சுற்றி வளைத்து, பாதி நேரத்தைத் தாண்டிவிட்டேன். அப்போது எதிரே இருந்த மூன்று பேராசிரியர்களில் ஒருவர் கேட்டார்: "வேகமாக, சொற்களை விழுங்கிப் பேசுவார்கள். திக்கலென்று பலர் தவறாக நினைத்துவிடுவார்கள். அந்தக் கோளாறின் பெயர் என்ன?"

க்ளட்டரிங். அதைப் பற்றிய கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்திருந்தேன். மாற்றுச் சொல் இல்லாத பெயர் அது. சுற்றிப் போக வழியில்லை. நாக்கு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது சார்" என்றேன்.

அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. ஊருக்கு வரும் ரயிலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தெரிந்ததைத் தெரியாது என்று சொன்ன வாய் என்னுடையது. அந்தச் சொல்லை எவ்வளவு நேரமானாலும் திக்கிச் சொல்லியிருந்தால் மதிப்பெண்ணாவது கிடைத்திருக்கும்.

அம்மா, "உடு கண்ணு, இருக்கற வேலையே போதும்" என்றாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் சேலத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அந்த ஆண்டுதான் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு மஞ்சள் வியாபாரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண். திக்கல் காரணமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்றார். குழந்தையிடம் கேள்வி கேட்கத் தொடங்கிய முதல் வாக்கியத்திலேயே நான் தடுக்கி நின்றேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கே திக்குதுங்களே. என்ற புள்ளைக்கு நீங்க எப்புடிங்க சரி பண்ணுவீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாகப் பயந்துகொண்டிருந்தேன். வழக்கமாக இருமல் வந்ததுபோல் நடித்துச் சமாளித்துவிடுவேன். அன்று அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நடிக்க முடியவில்லை.

"ஆமாங்க. எனக்குத் திக்குமுங்க. சின்னதுல இருந்தே திக்குமுங்க" என்றேன். அப்படியொரு வாக்கியத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "புள்ளைக்குத் திக்கறத அடியோட நிறுத்திப்போடறேன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. திக்குனாலும் பயப்படாமப் பேச வெக்க முடியுமுங்க. கொஞ்சங்கொஞ்சமாத் திக்கறதும் கொறையுமுங்க. அதுக்கு என்ன பண்ணோணும்னு படிச்சிருக்கறனுங்க."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தலைமை அதிகாரியும் அந்தப் பெண்ணை வேறொருவரிடம் மாற்றிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அதற்குள் அந்தப் பெண்ணே என்னிடம் பேசிவிட்டாள்.

"உங்க கி... கிளாஸ்லயும் சிரிப்பாங்களாங்க?"

"சிரிச்சாங்க கண்ணு."

"அப்பறம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணாம உட்டுட்டேன். அதுதான் தப்பாப் போச்சு."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "நான் இவிங்ககிட்டயே வாரேன்" என்றாள்.

வாரம் தவறாமல் வந்தார்கள். மூச்சை இறுக்காமல் முதல் எழுத்தை மெல்லத் தொடுவது, திக்கி நின்ற சொல்லிலிருந்து ஓடிப்போகாமல் அதை முடித்துவிட்டு வெளியே வருவது, எதிரே இருப்பவரிடம் "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று முன்கூட்டியே சொல்வது. இதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். கடைசிப் பயிற்சிக்காக அவளைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு எதிரே இருந்த பேக்கரிக்குப் போனேன். அவள் கேக் கேட்க வேண்டும். அவள் கேட்டாள், வாங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப நீங்க கேளுங்க" என்றாள். காபி என்ற சொல்லைக் கடைக்காரர் காத்திருக்கும்படி திக்கிக் கேட்டேன். கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

பள்ளி ஆண்டு முடிவதற்குள் ஒருநாள் அவளுடைய அப்பா தனியாக வந்தார். வகுப்பில் ஆசிரியையிடம் "எனக்குத் திக்கும் மிஸ், நேரங் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பாடத்தை முழுவதும் வாசித்தாளாம். "திக்கறது இன்னும் இருக்குதுங்க. ஆனா பள்ளிக்கோடத்துக்குத் தானாப் பொறப்பட்டுப் போறாளுங்க" என்றார். கையில் ஒரு பை மஞ்சள் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம்முறை விண்ணப்பித்தது அந்தக் கோடையில். தேர்வில் மறுபடியும் தேறினேன். நேர்காணலுக்கான அழைப்பைப் பதிவிறக்கிப் பார்த்தால், விருப்பப் பாடம் என்ற இடத்தில் செவியியல் என்று இருந்தது. இணையதளத்தில் என்ன கோளாறோ, நான் தொட்டதுதான் மாறிப்போனதோ, தெரியாது. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. திருத்தம் கேட்கத் தொலைபேசியில்தான் அழைக்க வேண்டும் என்று கல்லூரியின் தளத்தில் போட்டிருந்தது.

திக்குபவர்களுக்குத் தொலைபேசிதான் எல்லாவற்றிலும் மோசம். முகம் தெரியாது. நாம் மௌனமாக நின்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடுவார்கள்.

"உங்கண்ணனப் பேசச் சொல்லலாங் கண்ணு. அவனுக்கு இங்கிலீசு நல்லா வருமல்லோ?" என்றாள் அம்மா.

"வேண்டாங்கம்மா. நானே பேசோணும்."

பட்டறைக்குள் போய்ப் பேசினால் திக்காது என்பது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அங்கே எதிர்முனைப் பேச்சு எனக்குக் கேட்காது. தவிர, நேர்காணலுக்கு யாரும் தறியைக் கொண்டுவந்து ஓட்டப் போவதில்லை. மாடியில் போய் நின்றுகொண்டு எண்ணை அழுத்தினேன். எடுத்தவர் "ஹலோ, ஹலோ" என்றார். என் விண்ணப்பம் குறித்து என்று தொடங்குவதற்குள் வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன். மறுபடியும் அப்படியே. அம்மா படிக்கட்டில் வந்து நின்று கையை நீட்டினாள், போனைக் கொடு என்பதுபோல. தலையசைத்து மறுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே செய்தேன்.

"எனக்குத் திக்கும் சார். லைன் இருக்கிறது. தயவுசெய்து வைக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் முதலிலேயே சொன்னேன்.

எதிர்முனையில் இருந்த ஊழியர், "சாரி மேடம், நிதானமாகச் சொல்லுங்கள்" என்றார். என் விண்ணப்ப எண்ணையும் கேட்ட பாடத்தையும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை. மாலையில் திருத்திய அழைப்பு வந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு எனக்குப் பதிலாக அவள் பேசியதில்லை. வாய் வரைக்கும் வந்ததைப் பலமுறை அடக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்காணலுக்கு அப்பாவும் என்னோடு ரயிலேறினார். போன வருடத்து அறையேதான். பேராசிரியர்களில் ஒருவர் மட்டும் மாறியிருந்தார். உட்கார்ந்ததும் சொன்னேன்: நான் திக்கிப் பேசுவேன், என் பதில்களுக்கு நேரம் கூடுதலாகும், நேரமாவதால் பதில் தெரியவில்லை என்று பொருளில்லை.

புதிதாக வந்திருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்படிப் பேசும் உங்களைச் சிகிச்சைக்கு வருபவர்கள் நம்புவார்களா?"

"முதலில் நம்புவதில்லை" என்றேன். மஞ்சள் வியாபாரியையும் அவர் மகளையும் பற்றிச் சொன்னேன். இடையிடையே நின்றேன், சொற்களை மாற்றவில்லை. அடுத்து, பக்கவாதத்தால் பேச்சிழந்தவரிடம் முதலில் எதையெல்லாம் சோதிப்பீர்கள் என்று கேட்டார்கள். புரிந்துகொள்ளும் திறனைக் குறிக்கும் 'காம்ப்ரிஹென்ஷன்' என்ற சொல்லில் சிக்கிக்கொண்டேன். கழுத்து நரம்பு புடைத்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. இறுக்கத்தை மெல்லத் தளர்த்தினேன். சொல் வந்தது, மீதிப் பதிலும் வந்தது.

தரவரிசைப்படி அழைத்து இடம் ஒதுக்கும் நாளில், எனக்கு முன்னால் உள்ளே போன மாணவர் பேச்சுத்துறையின் கடைசி இடத்தை எடுத்துக்கொண்டார். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் என்னிடம், "செவியியலில் இருக்கிறது. எடுத்துக்கொள்கிறீர்களா? இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல்தான். கிடைக்குமென்று உறுதியில்லை" என்றார்.

நான் கேட்டால் அப்பா எடுத்துக்கொள் என்றுதான் சொல்வார். எத்தனையோ நாள் பட்டறையை விட்டுவிட்டு என்னோடு அலைந்தவர். அவர் பக்கம் திரும்பாமலே, "காத்திருக்கிறேன் சார்" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

"கெடைக்காமப் போயிருச்சுன்னா?" என்றார் அப்பா.

"அடுத்த வருசமும் எழுதுவேனுங்கப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செரி, வா. ஏதாச்சும் சாப்புடலாம்" என்றார். அன்றைக்கு அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

ஆடி மாதம் முடியப்போகும்போது மையத்தில் ஒரு குழந்தைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது. பயிற்சியை முடித்து, குழந்தையை அதன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திறந்தேன். யாரோ ஒருவர் வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருக்கிறார். பேச்சுத்துறையில் ஒரு இடம், ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். தலைமை அதிகாரியிடம் போய்க் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னதைக் கேட்காம இருந்தியே, நல்லவேளை" என்றார்.

இப்போது முதலாண்டில் படித்துக்கொண்டிருக்கிறேன். திக்கல் போகவில்லை. இந்த ஊரின் மொழி புதிது, அதிலும் திக்குகிறேன். வரும் வியாழக்கிழமை துறைக் கருத்தரங்கில் எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் நான் பேச வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட எனக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்று துறைத்தலைவரிடம் போய்க் கேட்டேன், கொடுத்திருக்கிறார். முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.