ஹொன்னாவரத்தில் அணைத்த விளக்கு

மைசூர்ப் பேருந்து நிலையத்தில் இரவு எட்டரைக்கு ஏறி உட்கார்ந்த பிறகும், ரெஜினா கூடவே வருவாளா, இறங்கிப் போய்விடுவாளா என்று எனக்குச் சந்தேகம்தான். ரெஜினா என் தம்பி மனைவி. தம்பி போய் ஓராண்டு ஆகிவிட்டது. ஆண்டு நினைவுத் திருப்பலியும் முடிந்தது. கோவிலுக்கும் கடைக்கும் தவிர அவள் எங்கேயும் போவதில்லை. "சும்னே எதுக்குக்கா செலவு" என்று நாலு முறை சொல்லிப் பார்த்தாள். டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்று நான் புளுகிய பிறகுதான் பையைக் கட்டினாள்.

ஷராவதி ஆறு கடலில் கலக்கும் ஊர் ஹொன்னாவரம். மைசூரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆளுக்கு எண்ணூற்று ஐம்பது ரூபாய். ஹாசனும் சிவமொக்காவும் தூக்கத்தில் கழிந்தன. விடியும்போது பேருந்து மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கருகருவென்று காடு. ஒரு வளைவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து மேலே கை காட்டினார். பலா மரத்தில் சிங்கவால் குரங்குகள். ஒன்று வெள்ளைத் தாடியோடு எங்களை முறைத்தது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக் காவலாளி மாதிரியே இருக்கிறது என்றேன். ரெஜினா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

காலை ஏழரைக்கு இறங்கினோம். தங்கியது மோகன் என்ற மீனவரின் வீட்டில். கடற்கரையை ஒட்டி, சவுக்குத் தோப்புக்குள் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. காலையில் ஆற்றோரத்து அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போனோம். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய். சேற்றுக்கு மேலே மரப்பலகைப் பாதை. கீழே சிவப்பு நண்டுகள் எங்கள் காலடிச் சத்தம் கேட்டு வளைக்குள் ஓடின. பிற்பகல் ஆட்டோ பிடித்து அப்சரகொண்டா போனோம். குன்றின் மேல் பூங்கா, பக்கத்திலேயே சின்ன அருவி, கீழே பாறையும் கடலும். இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது, இறக்கைச் சத்தத்துக்கே ரெஜினா குனிந்துவிட்டாள்.

மாலை திரும்பியதும் மோகன் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். மணலில் நாலு குச்சி நட்டு, பழைய மீன்வலை கட்டியிருந்தார். உள்ளே கடலாமை முட்டைகள். மணல் லேசாகக் குழிந்திருப்பதால் இன்றைக்கே குஞ்சு பொரிக்கலாம் என்றார். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அதை நோக்கிப் போய்விடுமாம். அதனால் குஞ்சு பொரிக்கும் இரவுகளில் அக்கம்பக்கத்து வீடுகளில் யாரும் வெளி விளக்குப் போடுவதில்லை. எங்களிடமும் கன்னடத்தில் இரண்டு முறை சொன்னார். ரெஜினாவும் தலையாட்டினாள்.

விடிகாலை நாலரைக்கு மோகன் கதவைத் தட்டினார். வெளியே வந்தால் வாசல் விளக்கு எரிகிறது. வலையின் அடியில் நுழைந்து வந்த குஞ்சுகள் சில, எங்கள் படியை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தன. மோகன் கோபப்படவில்லை. "லைட் ஆஃப் மாடி அம்மா" என்று கன்னடத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. என் தம்பிக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது பதினொன்றே கால் ஆகிவிடும். அவன் வருவதற்காக ரெஜினா வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். அவன் போன பிறகும் ஒரு ராத்திரிகூட அதை அணைத்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. இங்கேயும் கை பழக்கத்தில் போயிருக்கிறது.

நான் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கக்கா. நானே பண்றேன்."

சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். படிக்குக் கீழே அவள் செருப்பில் ஒரு குஞ்சு முட்டிக்கொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு அணைத்துவிட்டாள்.

ஒரே இருட்டு. அவள் அழுவது கேட்டது. செருப்பருகே கிடந்ததைத் தூக்கிக் கடலில் விடட்டுமா என்று மோகனைக் கேட்டாள். அதுவே நடந்து போகவேண்டும், தொடக்கூடாது என்றார். கண் பழகியதும் பார்த்தோம். அலைப் பக்கம் லேசான வெளுப்பு. குஞ்சு அசையாமல் கிடந்து, மெல்லத் திரும்பி, மணலில் கோடு போட்டபடி நகர்ந்தது. அலை வந்து வாரிக்கொண்டு போகும்வரை நாங்கள் பின்னாலேயே நடந்தோம்.

அன்றிரவே பேருந்து ஏறி மறுநாள் காலை மைசூர் வந்துவிட்டோம். எங்கள் தெருவில் கடலும் இல்லை, ஆமையும் இல்லை; விளக்கு எரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இரவு எனக்கு மருத்துவமனையில் நைட் டியூட்டி. ஒன்பதரைக்கு அவள் வீட்டைத் தாண்டும்போது வாசல் விளக்கு வழக்கம்போல் எரிந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ரெஜினா கதவருகில்தான் நின்றிருந்தாள்.

"நீங்க போற வரைக்கும்தான்க்கா போட்டேன். குழி இருக்கு, பாத்துப் போங்க."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அணைத்திருந்தாள்.