மூன்றாவது வரி

என் தாய்மாமா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தபோது கூடவே ஒரு ரேடியோப் பெட்டியையும் கொண்டுவந்தார். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் கரண்டு வராத ஊர் எங்களுடையது. செங்கல் கனத்தில் ஒரு பேட்டரியை இணைத்து அதைப் பாட வைப்பார். அவர் தங்கியிருந்தது எங்கள் வீட்டில். வீட்டில் மாமா, பள்ளிக்கூடத்தில் சார். போகிற வழியில் சரியாக எந்த இடத்தில் மாமா சாராக மாறுகிறார் என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

வெளிநாட்டு ரேடியோ நிலையங்களுக்கெல்லாம் அவர் கடிதம் எழுதுவார். உங்கள் நிகழ்ச்சி எங்கள் ஊரில் இன்ன நேரத்தில் தெளிவாகக் கேட்டது என்பதுதான் விஷயம். "கேக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு கடுதாசியா?" என்று அப்பா சிரிப்பார். ஆனால் பதிலுக்கு வண்ண அட்டைகளும் காலண்டர்களும் வந்தன. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சலே வந்துவிட்டது. உள்ளே ஓர் இசைத்தட்டும் மெல்லிய புத்தகமும் இருந்தன. புத்தகத்தின் அட்டையில் கறுத்த மனிதர் ஒருவர் மரப்படியில் உட்கார்ந்து, மடியில் கிடாரை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"தூங்குறாரா மாமா?"

"பாடுறாரு."

நாலு நாள் அகராதியும் கையுமாக இருந்து அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தார் மாமா. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பாட்டு வகுப்பு என்றதும் தலைமையாசிரியர் வேறொன்றும் கேட்காமல் தலையாட்டினார்.

தட்டு இருந்தது, அதைச் சுழற்றப் பெட்டி இல்லை. நல்லவேளையாக அந்த வாரம் எங்கள் ஊரில் ஒரு காதுகுத்து. அதற்குக் கறம்பக்குடியிலிருந்து பேட்டரியும் பாட்டுப் பெட்டியுமாக வந்திருந்த மைக்செட்காரரை மாமா பிடித்துவிட்டார். வகுப்புக்குள் வைத்து மெதுவாகப் போட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தார்.

"கொழாய் கட்டாமப் பாட்டுப் போட்டா நம்ம தொழிலுக்கு மரியாதை இல்ல சார்" என்று அவர் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயை ஊரைப் பார்த்துக் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டு சுழன்றது. தாளம் இல்லை, மேளம் இல்லை. கரகரத்த ஒரே ஒரு குரல் ஒரு வரியை இழுத்துக் கதறியது. கிடார் அதற்கு ஏதோ ஆறுதல் சொன்னது. குரல் அதே வரியை மறுபடியும் கதறியது. எங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டுமே பாடிய குழாய் அழுவதை ஊர் அன்றுதான் கேட்டது. நடவு வயலிலிருந்து பெண்கள் காலில் சேற்றோடு ஓடிவந்தார்கள். டீக்கடையில் இருந்த ஆண்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"யாரு போயிட்டாக?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் ஒருத்தி.

"யாரும் சாகலைங்க. அமெரிக்காவுல ஒருத்தர் பாடுறாரு" என்றார் மாமா.

"அவுக வீட்டுல யாரு போயிட்டாக?"

மாமா அவளுக்கும் சேர்த்தே பாடத்தை ஆரம்பித்தார். வந்தவர்களும் போகாமல் சுற்றுச்சுவரோரம் நின்றுகொண்டார்கள். ஆப்பிரிக்காவில் பிடித்துக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோய் விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாடுகிற பாட்டு இது என்றார். பருத்திக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வெயிலில் வெந்தவர்கள். அடிமைத்தனம் ஒழிந்தது என்று சட்டம் போட்ட பிறகும் அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் தனி இடம், தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய். வகுப்பு முழுக்க "அய்யோ பாவம்" என்றது. நானும் சொன்னேன். பாட்டின் பெயர் ப்ளூஸ், ப்ளூ என்றால் நீலம் என்றார். துக்கத்துக்கு ஏன் நீலம் என்று கேட்டேன். அது அந்தப் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. மாமா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டைக் கட்டும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார். முதல் வரியில் உன் கஷ்டத்தைச் சொல். இரண்டாவது வரியில் அதையே திரும்பச் சொல்.

"ஏன் சார் ரெண்டு தடவ?"

"ஒரு தடவ சொன்னா யாரு காதுல வாங்குறா? அதுவும் போக, மூணாவது வரிய யோசிக்க நேரம் வேணும்ல?"

மூன்றாவது வரிதான் பதில். ஆளுக்கொரு பாட்டுக் கட்டுங்கள் என்றதும் மைக்செட்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மைக்கை எடுத்துவந்து வகுப்பில் நட்டார். ஒரு பையன் ஆடு காணாமல் போனதை இரண்டு தடவை பாடிவிட்டு, "எனக்கு அடி விழுந்த பெறகு ஆடு தானா வந்துருச்சு" என்று முடித்தான். சுவரோரம்கூடச் சிரிப்பு. நான் உடைந்த வளையலைப் பற்றி ஆரம்பித்து, மூன்றாவது வரி வராமல் நின்றேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து யாரும் கூப்பிடாமலேயே அஞ்சலை எழுந்து வந்தாள். அவளுடைய அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தார். கணக்கில் புலி, ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். மைக்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பாடினாள்.

"ரெண்டு கையும் ஏந்தி நிக்கிறேன், மேலேருந்து தண்ணி விழுது
ரெண்டு கையும் ஏந்தி நிக்கிறேன், மேலேருந்து தண்ணி விழுது
நான் குடிச்சது பாதி, மண்ணு குடிச்சது மீதி."

எங்கள் பள்ளிக்கூடத்துப் பானையை அவள் தெருப் பிள்ளைகள் தொடக்கூடாது. இடைவேளையில் அவர்கள் கையை ஏந்தி நிற்க, யாராவது டம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். அந்த வருடம் அந்தப் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருந்தார். வகுப்புத்தலைவர் பதவிக்கு அடுத்தபடி அதுதான் என்று எனக்கு ஏகப் பெருமை.

யாரும் சிரிக்கவில்லை. டீக்கடை ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். சேற்றுக்காலோடு நின்ற ஒருத்தி மட்டும், "இன்னொரு தடவ பாடு ஆத்தா" என்றாள். அதற்குள் தலைமையாசிரியர் வந்து மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் போனதும் அப்பா மாமாவிடம் திரும்பினார்.

"பாட்டுச் சொல்லிக் குடுங்க மாப்ளே, வேணாங்கல. நம்ம ஊருக் கதைய எதுக்குக் கொழாய் கட்டிச் சொல்லணும்?"

"அந்த ஊருக் கதையின்னுதான் நானும் நெனச்சேன் மச்சான். தெனமும் அந்தப் பானையத் தாண்டித்தான் போறேன், வாரேன்." பிறகு நிமிர்ந்து சொன்னார். "அந்தப் புள்ளைய நிறுத்துனா மேலதிகாரிக்கு எழுதுவேன். கடுதாசி எழுதுறதுல நான் சளைக்கிற ஆளு இல்லைன்னு ஒங்களுக்கே தெரியும்."

அப்பா சிரிக்கவில்லை. அஞ்சலையை யாரும் நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் மாமாவைத்தான் கடலோரம் கட்டுமாவடிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பெரியவர்களின் இந்தச் சச்சரவெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. என் மனத்தை அறுத்தது வேறு. நான் தண்ணீரைச் சிந்துகிறேன் என்று அஞ்சலை ஊருக்கே மைக் வைத்துச் சொல்லிவிட்டாளே! அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிணற்றடியில் டம்ளரும் கையுமாகப் பழகினேன். சாயங்காலத்துக்குள் நூல் பிடித்ததுபோல ஊற்ற வந்துவிட்டது.

திங்கட்கிழமை இடைவேளையில் அஞ்சலை கடைசியாக வந்து கையை ஏந்தினாள். டம்ளரை அவள் விரலில் பட்டுவிடாமல், ஆனால் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி ஊற்றினேன். கீழே ஒரு துளி விழவில்லை.

"பாத்தியா, இன்னிக்கி மண்ணு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல" என்றேன்.

அவள் காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "ஆமா, நல்லா ஊத்துறே" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

அவளுடைய குறையைத் தீர்த்துவிட்ட நிம்மதி எனக்கு. வெயிலில் எனக்கும் தாகம். அதே டம்ளரைப் பானைக்குள் விட்டு, நிறைய மொண்டு, வாய் வைத்துக் குடித்தேன்.